ஹிட் ஆனது பாட்டா, வீடியோவா, கூட்டமா?

1984-இல் நார்வேயைச் சேர்ந்த ஆ-ஹா என்ற மூவர் குழு 'டேக் ஆன் மி' என்ற பாட்டை வெளியிட்டது. சொந்த நாட்டில் நன்றாகவே ஓடியது, பிரிட்டனில் சீந்துவாரில்லை. தயாரிப்பாளரை மாற்றி, ஆலன் டார்னியை வைத்து மறுபடி ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார்கள். அதுவும் பிரிட்டனில் படுத்துவிட்டது. அப்புறம் அமெரிக்காவில் வார்னர் நிறுவனம் பணத்தைக் கொட்டி ஒரு வீடியோ எடுக்க முடிவு செய்தது. இயக்குநர் ஸ்டீவ் பாரன். ஓர் உணவகத்தில் சித்திரக்கதை படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை நோக்கி, புத்தகத்துக்குள்ளிருந்து பென்சில் கோடுகளாலான ஒரு கை நீளும். அவள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். படம்பிடித்த காட்சிகளின் மேல் ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வரைந்தார்கள். ஏறக்குறைய 3,000 சட்டகங்கள், 16 வாரங்கள். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது.

இரண்டாவது தடவை தோற்றதும் மூன்றாவது தடவை ஜெயித்ததும் ஒரே ஒலிப்பதிவுதான்.

பாப் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ள இதைவிட வசதியான உதாரணம் கிடையாது. "பார்த்தீர்களா, எல்லாம் வீடியோ செய்த வேலை" என்பார் ஒருவர். "அந்த உச்சஸ்தாயி மட்டும் இல்லாவிட்டால் எந்த ஓவியத்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது" என்பார் இன்னொருவர். "கம்பெனி பணம் போட்டது, ஓடியது" என்பார் மூன்றாமவர். என்னைக் கேட்டால், மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் மூவரும் நான்காவதாக ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஒரு பாட்டு எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்று எண்ணும் முறைதான் அது. அந்த முறையை மாற்றினால் வெற்றிபெறும் பாட்டு மாறுகிறது. சில வருடங்களில் பாட்டு எழுதும் விதமே மாறிவிடுகிறது.

முதலில், மற்றவர்கள் கேட்பதைப் பார்த்துத் தானும் கேட்கும் கூட்டத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,000-க்கும் அதிகமானோர் வந்து கேட்டார்கள், பிடித்ததைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்துவிட்டார்கள். அந்தந்த உலகத்தில் இருப்பவர்களுக்கு, தங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை தடவை தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும்.

பாட்டின் தரம்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்றால் எட்டு உலகங்களிலும் ஒரே பாட்டுகள்தான் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணிக்கையைப் பார்க்காமல் கேட்டவர்களிடம் 26-ஆவது இடம் பிடித்த 'லாக்டவுன்' என்ற பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40-ஆவது இடம். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் பெரிய பாட்டுகள் இன்னும் பெரிதாயின, சின்னவை இன்னும் சிறுத்தன. ஆரம்பத்தில் தற்செயலாக நான்கு பேர் எதைத் தரவிறக்கினார்களோ அது முன்னே போக, பின்னால் வந்தவர்களும் அதையே முதலில் கேட்டுப் பார்த்தார்கள்.

தரத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மிக நல்ல பாட்டுகள் எந்த உலகத்திலும் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. நடுவில் இருப்பதற்கு மட்டும் எதுவும் நடக்கலாம். சல்கானிக்கும் வாட்ஸும் பின்னால் இன்னொரு குறும்பும் செய்தார்கள். எண்ணிக்கைகளைத் தலைகீழாக்கி, கடைசியில் இருந்த பாட்டுகளை முதலிடத்தில் இருப்பதாகக் காட்டினார்கள். பல பாட்டுகளுக்கு அந்தப் பொய்யே உண்மையாகிவிட்டது. மிகச் சிறந்த சில மட்டும் மெதுவாக மேலே ஏறி வந்தன. இன்னொன்றும் நடந்தது: பொய் எண்ணிக்கை காட்டப்பட்ட உலகங்களில் மொத்தத் தரவிறக்கமே குறைந்தது. மேலே இருந்ததைக் கேட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் தேடுவதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

"இவ்வளவு நல்ல பாட்டு ஏன் ஓடவில்லை" என்று ரசிகர்கள் ஆற்றாமையோடு கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். ஓடாத நல்ல பாட்டு வேறோர் உலகத்தில் ஓடியிருக்கும். இதில் இசைத்தட்டு நிறுவனத்தின் வேலை என்னவென்றால், அந்த முதல் நான்கு பேரைத் தற்செயலுக்கு விடாமல் காசு கொடுத்து உருவாக்குவது. வானொலிக் காலத்தில் அதை நேரடியாகவே செய்தார்கள். பாட்டைப் போடுவதற்காக அறிவிப்பாளர்களுக்குப் பணம் கொடுக்கும் பழக்கத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1959-60-இல் விசாரித்து, பிறகு குற்றமாக்கியது. அந்தக் காலத்தின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் அந்த விவகாரத்தில் சிக்கி, மீளவே இல்லை. திரும்பத் திரும்பக் கண்ணிலோ காதிலோ பட்டாலே ஒன்று பிடிக்க ஆரம்பித்துவிடும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் காட்டியது 1968-இல்தான். வானொலிக்காரர்களுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

சரி, வீடியோவுக்கு வருவோம்.

வீடியோ முதலில் கலையாக வரவில்லை, வேலையைச் சுலபமாக்கும் ஏற்பாடாகத்தான் வந்தது. 1975-இல் குவீன் குழு 'போஹீமியன் ராப்சொடி'யை வெளியிட்டபோது, பல அடுக்குகளாகக் குரல்களைச் சேர்த்துப் பதிவு செய்த அந்த ஓபரா பகுதியைத் தொலைக்காட்சி மேடையில் அப்படியே பாடிக்காட்ட வழியில்லை. வாயசைத்தாலும் அபத்தமாக இருக்கும். சில மணி நேரத்தில் ஒரு படத்தை எடுத்துத் தொலைக்காட்சிக்கு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற அமெரிக்க இசை அலைவரிசை தொடங்கியபோது இப்படிப்பட்ட படங்களை நாள் முழுக்க ஒளிபரப்ப ஓர் இடம் கிடைத்தது. முதலில் போட்ட பாட்டு பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்', அதாவது 'வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றது'. அந்தக் கிண்டலை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார்கள்.

எம்டிவி யாரைக் காட்டியது, யாரைக் காட்டவில்லை என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. ஆரம்ப வருடங்களில் அந்த அலைவரிசையில் வெள்ளையர்களின் ராக் குழுக்களே நிறைந்திருந்தன. 1983-இல் பேட்டி எடுக்க வந்த எம்டிவி தொகுப்பாளரிடமே, "கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள்" என்று பாடகர் டேவிட் போவி கேட்டார். தொகுப்பாளர் சுற்றிவளைத்துப் பதில் சொல்லச் சொல்ல, போவி விடாமல், மரியாதையாகவே, திரும்பத் திரும்பக் கேட்பார். அந்தப் பேட்டி இன்றும் காணக் கிடைக்கிறது. அதே வருடத்தில்தான் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அங்கே வந்தது. அதன் பிறகு அந்தக் கதவை மூடி வைக்க முடியவில்லை.

ஜாக்சன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'திரில்லர்' என்ற இசைத்தொகுப்பில் 'திரில்லர்' என்ற பாட்டு மிகச் சிறந்த பாட்டு அல்ல. 'பில்லி ஜீன்' அதைவிடப் பல மடங்கு மேல். அந்த பேஸ் கிட்டார் வரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடும் அந்தப் பதற்றமும் போதும், படமே தேவையில்லை. 'திரில்லர்' பாட்டோ, 1982 நவம்பரில் வந்த தொகுப்பிலிருந்து ஏழாவதாக, கடைசியாகத் தனியே வெளியிட்ட பாட்டு. தொகுப்பின் விற்பனை சரியத் தொடங்கிய நேரத்தில் அதைத் தூக்கி நிறுத்த எடுத்ததுதான் ஜான் லாண்டிஸ் இயக்கிய ஏறக்குறைய 14 நிமிடப் படம். 1983 டிசம்பரில் அது வந்ததும் தொகுப்பு மறுபடி உச்சத்துக்குப் போனது. இன்று 'திரில்லர்' என்றால் யாருக்கும் முதலில் ராகம் ஞாபகம் வராது. சிவப்பு ஜாக்கெட்டும், தோளை உதறி ஆடும் பிணங்களும்தான் ஞாபகம் வரும். அந்த வீடியோ இல்லாவிட்டால், தொகுப்பை முழுசாகக் கேட்பவர்கள் மட்டும் அறிந்த பாட்டாக அது இருந்திருக்கும்.

இது குறை அல்ல. பாட்டில் இல்லாத ஒன்றைப் படம் கொண்டுவந்து சேர்க்கலாம், சேர்த்தால்தான் அது நல்ல வீடியோ. பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' (1986) இன்னொரு உதாரணம். கேப்ரியலைக் கண்ணாடிப் பலகையின் கீழே மணிக்கணக்கில் படுக்கவைத்து, முகத்தைச் சுற்றிப் பொருள்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் படம்பிடித்தார்கள். 1987 எம்டிவி விருது விழாவில் ஒன்பது விருதுகள். இன்றைக்கு வரும் பல வீடியோக்களில் இருக்கும் கார், கடற்கரை, புகை, மெதுவாகத் திரும்பும் முகம் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் குறைவு என்பதல்ல பிரச்சினை. எதைச் சேர்ப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பணமே இல்லாமல் ஒரு முகத்தை வைத்தே சாதித்ததும் உண்டு. 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்டை எழுதியவர் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ். 1985-இல் அவர் உருவாக்கிய த ஃபேமிலி என்ற குழு அதைப் பதிவு செய்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-இல் பாடகி ஷினேட் ஓ'கானர் பாடினார். ஜான் மேபரி இயக்கிய வீடியோவில் பெரும்பாலும் மழித்த தலையோடு அவர் முகம் மட்டுமே. ஓரிடத்தில் கண்ணீர் வழிகிறது. அது திட்டமிட்டதல்ல என்றும், பாட்டில் தாயைப் பற்றி வரும் வரி தன் இறந்துபோன தாயை நினைவுபடுத்தியது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். பாட்டு பல நாடுகளில் முதலிடம். அந்த வருடத்தின் சிறந்த வீடியோவுக்கான எம்டிவி விருது முதல் முறையாக ஒரு பெண் கலைஞருக்குப் போனது.

அந்தப் புகழ் அவரை என்ன செய்தது என்பதுதான் முக்கியம். 1992 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நேரலை நிகழ்ச்சியில் பாப் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாடி முடித்து, போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்தார். திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளுக்கு எதிரான செயல் அது. இரண்டு வாரம் கழித்து நியூயார்க்கில் பாப் டிலனைக் கௌரவிக்கும் நிகழ்ச்சியில் மேடையேறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. அவர் வாழ்க்கை அன்றோடு தடம்புரண்டது என்று எல்லோரும் எழுதினார்கள். அவரோ 2021-இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் நேர்மாறாகச் சொன்னார்: தன்னைத் தடம்புரள வைத்தது அந்த முதலிடம் பெற்ற பாட்டுதான், படத்தைக் கிழித்தது திரும்பச் சரியான பாதையில் கொண்டுவந்து விட்டது. புகழைப் பற்றிப் புகழ்பெற்றவர்கள் சொல்வதில் பெரும்பகுதி பாவனை. இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் அதற்கான விலையை அவர் முன்கூட்டியே கொடுத்திருந்தார்.

முகத்துக்கும் குரலுக்கும் உள்ள உறவு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு மில்லி வனில்லி கதை போதும். ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன் என்ற இருவர் ஆடினார்கள், வாயசைத்தார்கள். பாடியது வேறு ஆட்கள். தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியன் செய்த ஏற்பாடு அது. 1990 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருது கிடைத்தது, நவம்பரில் பறிக்கப்பட்டது. இசைத்தட்டை வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டார்கள். தட்டில் இருந்த ஒலி ஒரு துளிகூட மாறவில்லை. நேற்றுவரை ரசித்த அதே பாட்டுத்தான். மக்கள் வாங்கியது ஒலியை மட்டுமல்ல, அந்த ஒலிக்குச் சொந்தக்காரர் என்று நம்பிய ஆளையும் சேர்த்துத்தான் என்பது அப்போது பச்சையாகத் தெரிந்தது. எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. திட்டம் போட்டவர் பிறகும் தொழிலில் நீடித்தார், ஆடிய இருவர்தான் ஊர்சிரிக்க நின்றார்கள். பிலாட்டஸ் 1998-இல் இறந்துபோனார்.

சிலர் முகத்தையே கொடுக்க மறுத்தார்கள். டாஃப்ட் பங்க் என்ற குழுவின் இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே 2021-இல் பிரிந்தார்கள். பாடகி சியா நெற்றிமுடியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கொரில்லாஸ் குழு ஓவியப் பாத்திரங்களாகவே மேடையேறியது. எல்லாமே நல்ல தந்திரங்கள்தான். ஆனால் முகத்தை மறைப்பதும் ஒரு முகமாகிவிடுகிறது. தலைக்கவசத்தைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடுகிறதே.

இனி எண்ணிக்கை. பில்போர்ட் பத்திரிகையின் பட்டியல்தான் அமெரிக்காவில் எது ஹிட் என்று சொல்லும். 1991 வரை தொகுப்புகளின் பட்டியலுக்குக் கடைக்காரர்களைக் கேட்டுத்தான் கணக்கெடுத்தார்கள். எது அதிகம் விற்றது என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. 1991 மே மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கடையின் கல்லாவில் பட்டைக்கோடு வருடப்படும் ஒவ்வொரு விற்பனையும் பதிவாகும். ஒரு மாதத்துக்குள் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ராப் தொகுப்பு முதலிடத்தில் நின்றது. கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸும் மேலே வந்தார். அமெரிக்கர்களின் ரசனை ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது முதல்முறையாகக் கணக்கில் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் நிறுவனங்கள் ராப் பக்கம் பணத்தைத் திருப்பின.

2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வைகளையும் பில்போர்டின் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-இல் சேர்த்தார்கள். அதே வாரம் பாவரின் 'ஹார்லெம் ஷேக்' நேராக முதலிடத்தில் நுழைந்தது. உலகமெங்கும் ஆட்கள் குழுவாகக் குதித்து எடுத்த அரை நிமிட வேடிக்கை வீடியோக்களின் பார்வையெல்லாம் அந்தப் பாட்டின் கணக்கில் சேர்ந்தது. பழைய முறையில் அது முதலிடத்துக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. இதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்', 2012 டிசம்பரில், யூடியூபில் 100 கோடி பார்வையைத் தொட்ட முதல் வீடியோ ஆனது. 2014-இல் அது 214 கோடியையும் தாண்டவிருந்தது. பழைய எண்ணியால் அதற்கு மேல் எண்ண முடியாது என்பதால் யூடியூப் தன் எண்ணும் முறையை விரிவாக்கிக்கொண்டது.

எண்ணும் முறை வந்தால் அதை ஏமாற்றும் முறையும் வரும். வெளியான 24 மணி நேரத்தில் யார் வீடியோவுக்கு அதிகப் பார்வை என்ற போட்டி சூடுபிடித்தபோது, நிறுவனங்கள் தங்கள் வீடியோவையே விளம்பரமாக ஓடவிட்டு எண்ணிக்கையைக் கூட்டின. 2019 ஜூலையில் இந்திய ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வை என்று அறிவிக்கப்பட்டு, உலக சாதனையா இல்லையா என்று பெரிய விவாதமானது. அந்த செப்டம்பரில், காசு கொடுத்துப் போட்ட விளம்பரப் பார்வைகளை 24 மணி நேரச் சாதனைக்குச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் ரசிகர்களே குழு சேர்ந்து இரவெல்லாம் ஒரே பாட்டை ஓடவிடுவதை அதனால் தடுக்க முடியாது. இந்த வேலையில் எனக்கு மரியாதை இல்லை. பாட்டைக் கேட்காமல் ஒலியைக் குறைத்துவைத்து ஓடவிடுகிறவரை ரசிகர் என்பதா, சம்பளமில்லாத விளம்பர ஊழியர் என்பதா?

இதையெல்லாம்விட ஆழமான மாற்றம் பாட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குமுன் தாண்டிப் போய்விட்டால் பாடியவருக்கு ஒன்றுமில்லை. அமெரிக்க ஹிட் பாட்டுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 1980-களின் நடுவில் குரல் தொடங்குமுன் வரும் இசை சராசரியாக 20 விநாடிக்கு மேல் இருந்தது. 2015 வாக்கில் ஐந்து விநாடியாகச் சுருங்கிவிட்டது. பாட்டின் மொத்த நீளமும் குறைந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்கும் ஐந்து நிமிடப் பாட்டுக்கும் ஒரே கணக்கு என்றால் யார் ஐந்து நிமிடம் எழுதுவார்கள்? லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' மூலப் பதிவு இரண்டு நிமிடம்கூட இல்லை. 2019-இல் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் இருந்து சாதனை படைத்தது. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். ஆனால் கிட்டாரும் கீபோர்டும் நிதானமாக ஓர் இடத்தை உருவாக்கி, அதற்குள் குரல் நுழைகிற அந்த ஆரம்பங்கள் புதுப் பாட்டுகளில் அரிதாகிவிட்டது எனக்கு நிஜமான இழப்பு.

விதிவிலக்கும் உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட்டின் பத்து நிமிட 'ஆல் டூ வெல்' 2021 நவம்பரில் ஹாட் 100-இல் முதலிடம் பிடித்தது. அந்த இடத்துக்கு வந்ததிலேயே மிக நீளமான பாட்டு அதுதான். பத்து நிமிடத்தை யாரும் தற்செயலாகக் கேட்கவில்லை. தன் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை 2019-இல் தன் விருப்பமின்றிக் கைமாறியதால் அவர் எல்லாவற்றையும் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். புதுப் பதிப்பைக் கேட்பது அவர் பக்கம் நிற்பதாக ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். திரையில் தெரியும் ஒருவரை நமக்குத் தெரிந்தவராகவே உணரும் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அதை இளக்காரமாகப் பேசுவது சுலபம். பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 வரை நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரின் பிடியில் இருந்தபோது, பத்திரிகைகள் கேலி செய்ய, அதைப் பற்றி ஓயாமல் பேசியது ரசிகர்கள்தான். அதே பத்திரிகைகள்தான் அதற்கு முன்னால் அவரைத் துரத்தித் துரத்திப் படமெடுத்து விற்றவை.

கடைசியாக ஒரு பட்டியல் விவகாரம். கேட் புஷ் 1985-இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்', 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்ததும் புது ரசிகர்களிடம் பற்றிக்கொண்டது. பிறந்தே இராத காலத்தின் பாட்டைப் பதின்வயதுப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆனால் பிரிட்டன் பட்டியலில் ஒரு விதி உண்டு: பழைய பாட்டுகளை இணையத்தில் எத்தனை தடவை கேட்டாலும், புதுப் பாட்டுக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிதான். புதியவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று வைத்த விதி. பட்டியல் நிறுவனம் இந்தப் பாட்டுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியது. அந்த ஜூனில், 37 வருடம் கழித்து, அது முதலிடத்துக்கு வந்தது. தளர்த்தியிருக்காவிட்டால், அதே ஆட்கள் அதே பாட்டை அதே அளவு கேட்டிருந்தும், அந்த வாரமும் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ்தான் முதலிடத்தில் இருந்திருப்பார்.